சங்கிலியன் நல்லவனா, கெட்டவனா?

அண்மையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்தபின் மறைக்கல்வி வகுப்பொன்றுக்குள் எட்டிப்பார்த்தேன். ஆசிரியை மன்னார் வேதசாட்சிகளின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பின்வாங்கிலில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "சுவாமி, சங்கிலியன் நல்லவனோ, கெட்டவனோ?" என்று கேட்டாள்.

"ஏன் பிள்ளை அப்படிக் கேட்கிறாய்?"

"ரீச்சர் சொல்லுறா, அவன்தான் மன்னாரிலை எங்கட ஆக்களை வெட்டுவிச்சவன் எண்டு. பள்ளிக்கூடத்திலை சேர் சொன்னவர், அவன்தான் எங்கட கடைசி ராசா, பறங்கியோடை சண்டை பிடிச்ச வீரன் எண்டு. முத்திரைச் சந்தியிலை சிலையும் வைச்சிருக்கினம்."

வகுப்புச் சிரித்தது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அக்கேள்வி என்னை விட்டபாடில்லை. ஞாயிறு ஒரு வரலாறும் திங்கள் இன்னொரு வரலாறும் கேட்கிற பிள்ளைக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? இக்கட்டுரை அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சி. பிள்ளைகளுக்கு விளங்காத இடங்களைப் பெற்றோர் விளக்கிக்கொடுப்பார்களாக.

ஒரு பெயர், இரண்டு அரசர்

முதலாவது திருத்தம் இலகுவானது. சங்கிலி என்ற பெயரோடு யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் இருவர். மன்னாரில் 1544ஆம் ஆண்டு அறுநூறு பேருக்குக் குறையாத கிறிஸ்தவர்களைக் கொல்லுவித்தவன் முதலாம் சங்கிலி. 1619இல் போர்த்துக்கேயரிடம் தோற்றுப் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே மரணதண்டனை பெற்றவன் இரண்டாம் சங்கிலி. இருவருக்குமிடையே எழுபத்தைந்து ஆண்டு இடைவெளி. சிலையில் நிற்பவன் இரண்டாமவன். மன்னார் இரத்தத்திற்கும் அவனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இருவரும் ஒருவராய்ப் போனது எப்படி? ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் இரு சங்கிலிகளும் ஒரே அரசனாகக் கலந்துவிட்டார்கள். புலவரைக் குறை சொல்வதற்கில்லை. வாய்மொழியாய் வந்த கதைகளை வைத்து, நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் எழுதியவர் அவர். போர்த்துக்கேய ஏடுகளை ஒப்புநோக்கி வைபவமாலையை ஆராயும் வேலையை நல்லூரில் இருந்து செய்தவர் எமது சுவாமி ஞானப்பிரகாசர். அவருடைய யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928இல் வெளிவந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகியும், ஞாயிறு வகுப்புவரை அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை என்றால் குற்றம் யாருடையது? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஆயினும் பிள்ளையின் கேள்வி இவ்வளவோடு தீர்ந்துவிடாது. முதலாம் சங்கிலி கெட்டவன், இரண்டாம் சங்கிலி நல்லவன் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணுவோர் இன்னும் கொஞ்சம் வாசிக்கவேண்டும்.

1544: இரத்தமும் கப்பலும்

தென்னிந்திய முத்துக்குளிக்கும் கரையில் பரதவ மக்கள் 1530களில் ஞானஸ்நானம் பெற்றபோது, அதனோடு போர்த்துக்கேயரின் பாதுகாப்பும் கிடைத்தது. புனித பிரான்சிஸ்கு சவேரியார் அக்கரையில் உழைத்த நாட்களில், மன்னார் மக்கள் தங்களிடமும் வரும்படி அவரை அழைத்தார்கள். திருவாங்கூரில் வேலை நிறைந்திருந்தபடியால் தாம் வராமல் வேறொரு குருவை அனுப்பினார். மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். யாழ்ப்பாண அரசன் இதை எப்படிக் கண்டிருப்பான்? மன்னார் அவனுடைய முத்துத் துறை. அக்கரையில் நடந்தது இக்கரையிலும் நடந்தால், குடிகள் போர்த்துக்கேயனின் குடைக்குக் கீழே போய்விடுவார்கள் என்று கணக்குப் பார்த்திருப்பான். அந்த அச்சம் முற்றும் பொய்யென்று சொல்ல முடியாது என்பதைப் பின்வந்த நூறு ஆண்டுகள் காட்டின. ஆனால் அரசனின் அச்சத்திற்கு விலையாக உயிரைக் கொடுத்தவர்கள் பீரங்கி பிடித்தவர்கள் அல்லர்; கடலை நம்பிப் பிழைத்த எளிய குடும்பங்கள். காரணத்தை விளங்கிக்கொள்வது வேறு, கொலையை மன்னித்து எழுதுவது வேறு. தோட்டவெளியில் இன்றைக்கும் அவர்களை நினைத்து முழங்காலில் நிற்கிறவர்கள் எந்தத் தேசத்துக்கும் விரோதமாக நிற்கவில்லை.

அடுத்து நடந்ததை எமது ஞானோபதேசப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. செய்தி கேட்ட சவேரியார், அரசனைத் தண்டிக்கப் படை அனுப்பும்படி போர்த்துக்கேய ஆளுநரிடம் நேரிலேயே போய் வேண்டினார். நாகபட்டினத்தில் படை கூட ஏற்பாடாயிற்று. 1545இல் சவேரியாரும் அங்கே போய்க் காத்திருந்தார். படை புறப்படவில்லை. ஏன்? பெகு நாட்டிலிருந்து விலையுயர்ந்த சரக்கோடு வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டிப்போயிற்று. சரக்கு அரசனின் கையில். அதை மீட்டெடுக்கும்வரை சண்டை வேண்டாம் என்று முடிவாயிற்று. இதைச் சவேரியாரே தம் கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். வேதசாட்சிகளின் இரத்தத்திற்கு நியாயம் கேட்கிறோம் என்று எடுத்த வாள், சரக்கின் பொருட்டு உறைக்குள் போயிற்று. அந்த வாள் உண்மையில் யாருடைய வாள் என்பதை அன்றே அறிந்திருக்கலாம்.

பதினைந்து வருடம் கழித்து, 1560இல், அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சா நேரில் படை கொண்டுவந்து நல்லூரைப் பிடித்தார். அரசன் தப்பியோடினான். ஆனால் மக்கள் கிளர்ந்தெழ, நிலைத்திருக்க முடியாமல் போர்த்துக்கேயர் பின்வாங்கி மன்னாரில் கோட்டை கட்டிக்கொண்டார்கள். போகும்போது நல்லூரில் அகப்பட்ட பல்லொன்றையும் எடுத்துப்போனார்கள். அது புத்தருடைய பல் என்று நம்பப்பட்டது. பெகு மன்னன் பெருந்தொகைப் பணம் கொடுத்து அதை வாங்க முன்வந்தும், கோவாவில் வைத்து அதை இடித்துப் பொடியாக்கி எரித்தார்கள். உண்மையான தந்தம் அதுவல்ல என்பது பௌத்தர்களின் மரபு. பாருங்கள், ஒரே படையெடுப்பு. கத்தோலிக்கன் வேதசாட்சிகளுக்குக் கிடைத்த நியாயமாக அதை நினைக்கிறான். சைவன் நல்லூரின் முதல் வீழ்ச்சியாக நினைக்கிறான். பௌத்தன் ஒரு பல்லை நினைக்கிறான்.

கோவாவில் இறந்த கிறிஸ்தவன்

இப்போது இரண்டாம் சங்கிலி. எதிர்மன்னசிங்கன் 1617இல் இறந்தபின், பட்டத்துக்குரிய சிறுவன் இருக்க, அரச குடும்பத்தவரைக் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றியவன் இவன். சிலைக்குக் கீழே இதை எழுதமாட்டார்கள். எழுதாததற்காக நான் சண்டைக்குப் போகவுமில்லை. 1618இல் இவனுக்கு எதிராகக் கிறிஸ்தவர்கள் கிளர்ந்தார்கள். அவர்களை நடத்தியவன் மிகப்பிள்ளை ஆராச்சி என்னும் தொன் லூயிஸ். சங்கிலி தஞ்சாவூர் நாயக்கரின் துணையோடு நிலையை மீட்டுக்கொண்டான். அடுத்த ஆண்டு பிலிப்பு டி ஒலிவேறா படையோடு வந்தான். கடல்வழியே தப்ப முயன்ற சங்கிலி பிடிபட்டான். இராச்சியம் முடிந்தது.

இங்கே கதை எங்கள் வழக்கமான கோடுகளைத் தாண்டி ஓடத் தொடங்குகிறது. சங்கிலிக்கு எதிராக எழுந்த அதே தொன் லூயிஸ், போர்த்துக்கேயர் நாட்டைப் பிடித்தபின், அவர்களுக்கு எதிராகவும் வாளெடுத்தான். கத்தோலிக்கனாக இருந்துகொண்டே யாழ்ப்பாண இராச்சியத்தை மீட்கப் போராடினான். மறுபுறம், கோவாவில் சாவுக்குக் காத்திருந்த சங்கிலியைப் பற்றி சேசுசபைக் குருவாகிய கெய்ரோஸ் எழுதியிருக்கிறார்: அவன் மரணத்தின் முன் ஞானஸ்நானம் பெற்றானாம், தொன் பிலிப்பு என்ற பெயரோடு. சிறையில் இருந்தவனுடைய சம்மதம் எவ்வளவு சுயாதீனமானது என்று கேட்பவர்கள் உண்டு. அது கடவுளுக்கும் அவனுக்கும் இடையிலான காரியம். ஆனால் ஏட்டிலுள்ளபடி பார்த்தால், முத்திரைச் சந்தியில் 1974இல் சிலையெடுத்து, 2011இல் புதுப்பித்து வைக்கப்பட்டிருக்கிற அந்த வீரன், கத்தோலிக்கனாக இறந்தவன். நவம்பர் மாதத்து மரித்தோர் மன்றாட்டில் அவனும் அடக்கம்!

ஒலிவேறா 1621இல் நல்லூர் கந்தசுவாமி கோவிலை இடித்தான். அதன் கற்கள் கோட்டைக்குப் போயின என்பது ஊர்வழக்கு. போர்த்துக்கேயர் அந்தக் கோட்டைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? புதுமை மாதாவின் கோட்டை! எமது அன்னையின் பெயரைப் பீரங்கி வாசலில் எழுதினார்கள். அயலவனின் கோவில் இடிக்கப்பட்ட கதையை அயலவன் மட்டும் நினைத்துக்கொண்டிருக்க, நாம் 'அது அந்தக் காலம்' என்று தாண்டிப்போவது நியாயமல்ல. சத்தியத்தின் பெயரால் திருச்சபையின் பிள்ளைகள் செய்த வன்முறைக்காகப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி இராயப்பர் பேராலயத்தில் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். அவர் வெட்கப்படாமல் செய்ததை நாம் செய்ய ஏன் கூசவேண்டும்?

அந்தக் கோட்டையும் நிலைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை நடத்தி 1658 யூனில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். நாற்பது ஆண்டுக்கு முன் வென்றவர்களின் மதம், இப்போது தோற்றவர்களின் மதம். குருக்கள் துரத்தப்பட்டார்கள். குருவை வீட்டில் ஒளிப்பவனுக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசே வாஸ் முனிவர் யாருக்குப் பயந்து இரவில் பூசை வைத்தார்? கிறிஸ்தவர்களுக்கு! அவருக்குப் பின்னர் அடைக்கலம் கொடுத்தவன் யார்? கண்டியின் பௌத்த அரசன்! அவரைப் புனிதராக 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் உயர்த்தியபோது எத்தனை பேர் இதை நினைத்தோம்?

எங்கள் நாட்களின் கற்கள்

பழங்கதை போதும் என்பீர்கள். ஆனால் அந்தக் கோட்டையே எங்களை எங்கள் காலத்துக்கு இழுத்துவருகிறது. 1990இல் யூன் முதல் செப்டெம்பர் வரை அதைச் சுற்றி நடந்த முற்றுகையை வாழ்ந்து கண்டவர்கள் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவைக் கோவில் அந்தப் போரோடு கற்குவியலாயிற்று. இன்று மாலையில் குடும்பங்கள் மதில்மேல் காற்று வாங்கப் போகின்றன; பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள். நானூறு வருடத்துப் போர்கள் அவர்கள் காலடியில் கிடக்கின்றன என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஏ-9 வீதியால் தெற்கே போனால் ஆனையிறவு. 1991 யூலையில் கவச புல்டோசரில் ஏறி அதைத் தகர்த்து மடிந்த காமினி குலரத்ன என்ற படைவீரனுக்கு அங்கே நினைவிடம் உண்டு, புல்டோசரும் நிற்கிறது. தெற்கிலிருந்து வருகிற பஸ்கள் அங்கே நிற்கும், சனம் இறங்கிக் கும்பிடும். தம் மகனை அவர்கள் நினைப்பதை நான் குறைசொல்லேன். அவனுக்கும் ஒரு தாய் இருந்தாள். ஆனால் அதே வெளியில் மடிந்த எங்கள் பிள்ளைகளுக்கு? கோப்பாய் துயிலும் இல்லத்தின் கல்லறைகள் 2010இல் கனரக இயந்திரங்களால் தரைமட்டமாக்கப்பட்டன. அந்த நிலத்தின்மேல் படைத்தலைமையகம் 2011இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 சனவரி 8ஆம் திகதி இரவோடு இரவாக இடிக்கப்பட்டு, எழுந்த எதிர்ப்பினால் அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. மே 18இல் இங்கே கஞ்சி காய்ச்சுகிறோம். மறுநாள் தெற்கிலே போர்வீரர் நாள். ஒரு தீவு, அடுத்தடுத்த இரு நாட்கள், ஒன்றையொன்று பாராமல்.

இத்தீவுக்கு எப்போதும் இப்படித்தான் பழக்கம் என்று எண்ணாதீர்கள். துட்டகைமுனு எல்லாளனைப் போரில் கொன்றபின், அவனுடைய உடலை அரச மரியாதையோடு தகனித்து, அவ்விடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பி, அதற்கு வணக்கம் செய்யக் கட்டளையிட்டான் என்று சொல்வது வேறெதுவுமல்ல, மகாவம்சமே. அவ்விடத்தைத் தாண்டும்போது அரசர்கள் தம் வாத்தியங்களை நிறுத்துவது அந்நூல் எழுதப்பட்ட காலம்வரை, அதாவது அறுநூறு ஆண்டுகளுக்கு மேலும், வழக்கமாயிருந்ததாம். அதே மகாவம்சத்தை மேற்கோள் காட்டுகிற கைகள் கோப்பாயில் இயந்திரத்தை ஓட்டியிருக்க முடியுமா? மகாவம்சத்தை முழுவதும் வாசிக்காத கைகளாகத்தான் இருக்கவேண்டும்.

இவ்வளவும் சொல்வது எளிது, ஏனெனில் குற்றம் மற்றவனுடையது. எங்களுடையது எங்கே? 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறச் சொல்லப்பட்டவர்கள் எங்கள் கடைக்காரர்கள், தையற்காரர்கள், வகுப்புத் தோழர்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அப்படித் துரத்தப்பட்டோர் எழுபதாயிரம் பேருக்கும் மேல் என்பர். அவர்களுக்காக எந்தச் சந்தியில் கல் நாட்டினோம்? இயக்கங்களுக்கிடையிலான சண்டையில், எங்கள் பிள்ளையின் துப்பாக்கியால் எங்கள் பிள்ளையே செத்தான். அவனுடைய தாய் இன்னும் இருக்கிறாள். பலவேளை எங்களுக்குப் பக்கத்து வாங்கிலில். அவளுடைய மகனின் படம் எந்த ஊர்வலத்திலும் போவதில்லை. வீட்டுக்குள்ளே, சேசுவின் திருவிருதயப் படத்துக்குக் கீழே, ஒரு சின்னச் சட்டத்தில் இருக்கும்.

சாமுவேல் இரண்டாம் ஆகமத்தின் 21ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். சவுல் அரசனின் மறுமனைவி ரிஸ்பா. அவளுடைய இரு பிள்ளைகளும் வேறு ஐவரும் கொல்லப்பட்டு மலையில் விடப்பட்டார்கள். அவள் கோணிச்சீலையைப் பாறையில் விரித்து, அறுவடை தொடங்கி மழை பெய்யும்வரை, பகலில் பறவையும் இரவில் மிருகமும் அணுகாமல் உடல்களைக் காத்திருந்தாள். ஏழு உடல்களையும் காத்தாள். தன் இரண்டை மட்டும் அல்ல. அவர்களைச் சாவுக்குக் கையளித்தவனே தாவீதுதான். அவன் இதைக் கேள்வியுற்றபோது மனம் அசைந்து, எலும்புகளைச் சேர்ப்பித்து அடக்கம் பண்ணுவித்தான். நாட்டின் பஞ்சத்துக்காகச் செய்யப்பட்ட மன்றாட்டைக் கடவுள் அதன்பிறகே கேட்டார் என்று அங்கே எழுதியிருக்கிறது. நவம்பர் 27ஆம் திகதி கோப்பாயில், நிலம் கைவிட்டுப்போக, அயலிலே நின்று விளக்கேற்றுகிற தாய்மாரைக் காணும்போது இந்த அதிகாரம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

உலகில் வேறு சனங்கள் என்ன செய்தார்கள்? பிரான்சில் வேர்டன் என்னும் போர்க்களத்தில், முதலாம் உலகப்போரில் மடிந்து அடையாளம் தெரியாமற்போன ஏறக்குறைய 130,000 போர்வீரரின் எலும்புகள் டூமோன் நினைவாலயத்தில் கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரனின் எலும்பு எது, ஜேர்மானியனின் எலும்பு எது என்று பிரிக்க முடியவில்லை. ஒன்றாகவே வைத்தார்கள். 1984 செப்டெம்பரில் மித்தராண்டும் கோலும் அதன் முன்னே கைகோத்து நின்ற படத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1965 நவம்பரில் நடந்தது. இரண்டாம் உலகப்போரில் ஏறக்குறைய அறுபது லட்சம் குடிமக்களை இழந்தது போலந்து. அந்நாட்டு ஆயர்கள் வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில் ஜேர்மன் ஆயர்களுக்கு எழுதினார்கள்: தாங்கள் மன்னிப்பதாகவும், தாங்களும் மன்னிப்புக் கேட்பதாகவும். ஒப்பமிட்டவர்களில் பிற்காலத்துப் பாப்பரசரும் ஒருவர். நாட்டில் பெரும் கொந்தளிப்பு. அரசாங்கம் மாத்திரமல்ல, பூசைக்கு வருகிற சனமே, 'நாம் எதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்?' என்று கோபித்தது. கோபம் நியாயமானதே. ஆயர்கள் கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை.

அந்தக் கடிதம் போரில் நடந்ததை மறைத்து எழுதப்பட்டதன்று. நடந்ததை எல்லாம் பெயர் சொல்லி எழுதிய பின்னரே மன்னிப்பைப் பற்றிப் பேசியது. ஆகவே, 'பழசைக் கிளறாதேயுங்கோ சுவாமி' என்று எனக்குச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் கிளறாவிட்டால் அது கிடக்கப்போவதில்லை. நூறு வருடத்துக்கு மேல் கழித்து இரண்டு சங்கிலிகள் ஒருவனாகிப்போனதுபோல, குருநகர் யாகப்பர் ஆலயத்தில் 1993இல் செத்தவர்களும் நவாலி இராயப்பர் ஆலயத்தில் 1995இல் செத்தவர்களும் ஒரே கதையாகக் கலந்துபோவார்கள். பிறகு இல்லையென்றும் சொல்லுவார்கள்.

எனவே வருகிற நவம்பர் மாதத்துக்கு ஒரு வேலை தருகிறேன். பங்குகளின் மரணப் பதிவேடுகளில் இடப்பெயர்வுக் காலத்துப் பக்கங்கள் பலவும் குறையாகக் கிடக்கின்றன. வன்னியில் புதைத்தவர்களை, கடலில் விட்டவர்களை, கொண்டுபோய்த் திரும்பாதவர்களை யாரும் எழுதவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் அப்பு ஆச்சிமார் சொல்லச்சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும்: பெயர், வயது, ஊர், எந்த நாள், எந்த இடம், எப்படி. யார் சுட்டது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள், அது ஆமியாயிருந்தாலும், இந்தியப் படையாயிருந்தாலும், எங்கள் பெடியளாயிருந்தாலும். பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பத்துப் பெயர்களையும், சோனகத் தெருவில் இருந்து போனவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். தெரியாததை ஊகித்து எழுதவேண்டாம். அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.

எழுதியதைப் பங்குத்தந்தையிடம் ஒரு பிரதி கொடுத்து, கொப்பியை வீட்டில் வையுங்கள். கேள்வி கேட்ட அந்தச் சிறுமிக்கு முதல் கொப்பியை நான் வாங்கி வைத்திருக்கிறேன். முதற் பக்கத்தில் 1544 என்றும் 1619 என்றும் இரண்டு வரி மட்டும் எழுதியிருக்கிறேன். மிச்சத்தை அவளுடைய ஆச்சி சொல்லுவா.